அந்தமானில் குடும்பத்தோடு படகுப் பயணம்: எத்தனை தீவு, எந்த போட், அம்மாவை எங்கே உட்காரவைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். கணவன், மனைவி, 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு 68 வயது அம்மா. பள்ளித் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசியில் ஒன்பது நாள் அந்தமான். தீவு தீவாகப் படகிலேயே சுற்ற ஆசை. ஒரு ஏஜென்ட் ஒன்பது நாளில் ஏழு தீவு என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். அது சரிவருமா, சென்னையிலிருந்தே கப்பலில் போய்விடலாமா, பிள்ளைகள் வாந்தியெடுத்தால் என்ன செய்வது, தண்ணீரைக் கண்டாலே பயப்படும் அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்பவைதான் கேள்விகள்.

நான் சுனாமிக்கு அடுத்த வருடம் வேலைக்காகப் போர்ட் பிளேருக்கு வந்தவன். அப்புறம் ஊர் திரும்பவே இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று சொந்தக்காரக் குடும்பங்களாவது வந்து இறங்கும். அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதுதான் இதெல்லாம்.

ஏழு தீவு வேண்டாம். காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும். போட் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இருக்க வேண்டும். அடையாள அட்டை பார்ப்பார்கள், மூட்டை முடிச்சை ஸ்கேன் செய்வார்கள், அப்புறம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். இறங்கியதும் ஆட்டோ பேரம், அறை தயாராகும்வரை வராந்தாவில் காத்திருப்பு. அரை நாள் போய்விட்டது. இங்கே சூரியனும் சீக்கிரம் வேலையை முடித்துக்கொள்ளும். கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது, ஆனால் நாம் சென்னைக்கு 12 டிகிரிக்கும் மேல் கிழக்கே இருக்கிறோம். ஆகவே பொழுது சுமார் 50 நிமிடம் முன்னதாக விடிந்து, அதே கணக்கில் முன்னதாக அடையும். ஏப்ரலில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விடும். மதியம் இரண்டு மணிக்கு அறைக்குள் நுழைந்தால், அந்த நாளில் உங்களுக்கு மிஞ்சுவது ஒரு குளியலும் ஒரு டீயும்தான்.

நான் சொல்வது போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல். தங்குவது இந்த மூன்று இடத்தில் மட்டும். குட்டித் தீவுகளை இங்கிருந்தே காலையில் போய் மாலையில் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்க் குழப்பம் ஒன்று வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது, போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவு நேதாஜி பெயருக்கு மாறியது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயர், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர், இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவிஜயம் என்பது 1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கடல் தாண்டிப் போய் அடித்த பேரரசு. அவன் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் நம் பக்கத்து நிக்கோபார். சோழன் தோற்கடித்தவர்களின் பெயர் இப்போது நம் ஊர்ப் பலகையில் இருக்கிறது. பெரியவனுக்கு வரலாறு பிடிக்குமானால் இதைச் சொல்லுங்கள், சிரிப்பான்.

சரி, சென்னைக் கப்பல். மாதத்துக்குச் சில முறை கிளம்பும். தூரம் சுமார் 1,190 கிலோமீட்டர். கடல் ஒத்துழைத்தால் மூன்று நாள் ஆகும். இதைச் சொகுசுக் கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். தீவில் வேலைக்கு வருபவர்களும் ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பங்களும் போகிற வண்டி அது. கீழ்த்தளத்தில் பங்க் வகுப்பு: ரயில் பெர்த் மாதிரி அடுக்கடுக்காக, கூடத்தில் நூற்றுக்கணக்கானோர். மேலே கேபின்கள் உண்டு, அவை பரவாயில்லை. சாப்பாடு பசிக்குச் சாப்பிடலாம். மூன்றாம் நாள் விடியலில் தண்ணீர் நிறம் மாறி, வெளியே பச்சைக் கோடாகத் தீவு தெரியும்போது மேல்தளத்தில் நிற்கும் சுகத்தை விமானம் தராது என்பது உண்மைதான். ஆனால் உங்களிடம் இருப்பது ஒன்பது நாள். போக மூன்று, வர மூன்று என்றால் மிச்சம் மூன்றே நாள். கப்பல் கிளம்பும் தேதியும் கடைசி நேரத்தில் தள்ளிப்போகக்கூடும். இருபது நாள் கையில் இருக்கிற ஒரு வருடம், போக மட்டும் கப்பல், வர விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை சென்னையிலிருந்து விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

இனி தீவுகளுக்கு இடையே ஓடும் போட்கள். பயணத்தில் உங்களுக்கு நினைவில் நிற்கப்போவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு வகை. தனியார் கட்டமரான்கள் (இரட்டை அடிப்பாகம் கொண்ட பயணப் படகுகள்) குளிர்சாதனம் போட்டவை, வேகமானவை. ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். ஆன்லைனில் இருக்கை எண்ணோடு டிக்கெட் கிடைக்கும். குறை என்னவென்றால் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அலைத்தூறல் படிந்த ஜன்னல், முன்னால் டிவி. பஸ்ஸில் போவது போலத்தான். அடுத்தது அரசுக் கப்பல் துறையின் போட். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும். கட்டணம் தனியாரில் பாதிக்கும் குறைவு, ஆகும் நேரம் இரண்டு முதல் இரண்டரை மணி. டிக்கெட் எடுப்பதுதான் பாடு. உள்ளூர்க்காரர்களுக்கு இது அன்றாட வண்டி, சீக்கிரம் நிரம்பிவிடும். ஆனால் இதில் திறந்த மேல்தளம் உண்டு.

போன வருடம் என் தங்கை மகளை ஹேவ்லாக்குக்குக் கூட்டிப்போனேன், அரசு போட்டில், காலை ஆறு மணி வாக்கில் கிளம்புவது. ஏழு வயது, வீட்டில் போனை விட்டு நகராத பிள்ளை. மேல்தளத்தில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வங்காளி அம்மா, காலடியில் மூங்கில் கூடை. கூடைக்குள் இரண்டு கோழிகள் தலையை நீட்டி நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. அதற்கப்பால் சுருட்டிய பாய், ஒரு ஸ்டேபிலைசர், கயிறு கட்டிய பலாப்பழம். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் முகப்பில் தண்ணீர் விரிந்த இடத்திலிருந்து வெள்ளி ஊசிகள் மாதிரி ஏழெட்டுக் கிளம்பின. பறவை என்று நினைத்துக் கைகாட்டினாள். அவை பறக்காமல் அலைமேல் வழுக்கிக்கொண்டே போய்ப் பொத்தென்று விழுந்தன. ‘மாமா, அது மீன்!’ என்று அவள் போட்ட கத்தலில் கோழிகள் உள்ளே போய்விட்டன. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பறவைக்கோலா மீனை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தி மூன்று வரை வந்தது.

அதனால் என் யோசனை: ஒரு கட்டமாவது அரசு போட்டில் போங்கள். டிக்கெட் கிடைத்தால் ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்குப் போவதை அரசு போட்டில் வைத்துக்கொள்ளலாம். சின்னத் தூரம், அம்மாவுக்கும் சிரமமில்லை. மற்ற இரண்டு கட்டத்துக்கும் தனியார் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம்: கண்ணுக்குத் தெரிகிற இந்தப் பச்சை மேடுகள் எல்லாம் மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி வந்து அங்கங்கே தலையை நீட்டியவை. இந்தத் தீவுகளிலேயே உயரமானது வடக்கு அந்தமானின் சேடில் பீக், 732 மீட்டர்.

வாந்தி விஷயம். ஏப்ரலில் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். ஆனாலும் ஹேவ்லாக் பாதையில் திறந்த கடல் வரும் இடத்தில் போட் ஆடும். செய்ய வேண்டியது இதுதான். காலியான வயிற்றோடு ஏறாதீர்கள், பூரி மசாலாவோடும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். மாத்திரை என்றால் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும்; குமட்டல் ஆரம்பித்தபின் போட்டால் அதுவும் வெளியேதான் வரும். சின்னவனுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று ஊரிலேயே குழந்தை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அவருக்கும் கேட்டுவிடுங்கள். இருக்கை எடுக்கும்போது கீழ்த்தளம், நடுவிலோ கொஞ்சம் பின்னாலோ பார்த்து எடுங்கள். முன்வரிசை ஜன்னல்தான் நல்ல இடம் என்று நினைத்துக் கூடுதல் பணம் கட்டுபவர்கள் உண்டு. முகப்புதான் அதிகமாகத் தூக்கித் தூக்கிப் போடும். போனைப் பார்க்க விடாதீர்கள், தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பையில் நாலு பாலித்தீன் கவர், ஈரத்துணி, மாற்றுச் சட்டை ஒன்று. பெரியவர்களுக்கு இஞ்சி மரப்பா. என் அனுபவத்தில் அது நன்றாகவே கேட்கிறது.

இப்போது நான் ரொம்பவும் அழுத்திச் சொல்ல நினைப்பது. ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின முழு நாளையும் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளுங்கள். நீலிலிருந்து காலை போட் பிடித்து மதியம் விமானம் ஏறலாம் என்று ஏஜென்ட் சொல்வார். காகிதத்தில் நேரம் சரியாகத்தான் இருக்கும். கடலுக்கு அந்தக் காகிதம் தெரியாது. துறைமுகத்தில் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் அரசு, தனியார் எல்லா போட்டும் நின்றுவிடும். யாரைத் திட்டியும் பயனில்லை. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் சிக்கி, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் கூட்டி வந்தன. அவ்வளவு பெரிதாக வேண்டாம், என் தம்பி குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நவம்பர். நீலில் இருந்தார்கள். முந்தின இரவு எட்டு மணிக்கு ‘நாளை சேவை ரத்து’ என்று குறுஞ்செய்தி. மறுநாளும் ரத்து. போட் கம்பெனி டிக்கெட் பணத்தைத் திருப்பிவிட்டது. தவறவிட்ட விமானத்துக்கு ஐந்து பேருக்குப் புது டிக்கெட் எடுத்த பணம் அவன் பணம். இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கணக்கை எடுப்பான்.

உங்கள் மாதத்தைப் பொறுத்தவரை பெரிய கவலை இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இங்கே நல்ல காலம். தென்மேற்குப் பருவமழை இந்தியாவிலேயே முதலில் தட்டுவது எங்கள் வாசலைத்தான், மே மூன்றாம் வாரம் வாக்கில். கேரளாவில் மழை என்று செய்தி வரும்போது நாங்கள் ஏற்கெனவே நனைந்திருப்போம். ஏப்ரல் கடைசி என்பது கடல் அமைதி, வெயில் கடுமை. பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரை பிள்ளைகளை மணலில் விடாதீர்கள்.

ஹேவ்லாக்கில் மூன்று இரவு. அங்கே கடற்கரைகளுக்கு எண்தான் பெயர். ராதாநகர் என்பது ஏழாம் நம்பர். ஜெட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். 2020இல் ப்ளூ ஃப்ளாக் என்ற சர்வதேசச் சுத்தச் சான்று வாங்கிய கடற்கரை. அகலமான வெள்ளை மணல், பின்னால் பெருமரக்காடு, அடியில் பவளப்பாறை குத்தாது. பிள்ளைகள் குளிக்க இதுதான் இடம். உயிர்காப்பாளர் நிற்கும் எல்லைக்குள் மட்டும். தங்குவதற்குப் பெரும்பாலோர் பிடிப்பது மூன்று, ஐந்தாம் நம்பர்ப் பக்கம். அறைப் படத்தில் வாசல்வரை நீலத் தண்ணீர் இருக்கும். நீங்கள் போய்ச் சேரும்போது தண்ணீர் அரை ஃபர்லாங் தள்ளிப் போயிருக்கும். நடுவில் பாறையும் இறந்த பவளமும் சேறும். ஏமாற்றிவிட்டார்கள் என்று ரிசப்ஷனில் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏமாற்று இல்லை, வற்றம்.

இந்த ஏற்றம் வற்றம் தெரியாமல் அந்தமான் பயணத்தைத் திட்டமிடவே கூடாது. ஏறக்குறைய ஆறேகால் மணிக்கு ஒருமுறை கடல் ஏறும், இறங்கும். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிக அதிகம், இரண்டு மீட்டர் வரை போகும். அம்மாவிடம் தினசரி காலண்டரைக் கொடுத்து அமாவாசை பௌர்ணமி பார்க்கச் சொல்லுங்கள். பயணத் திட்டத்தில் அவருக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி ஆகும். அமாவாசையை ஒட்டி ஹேவ்லாக்கில் இருந்தால் பெரியவனை இரவில் துடுப்புப் படகில் அழைத்துப் போகலாம். துடுப்பு போடும் இடமெல்லாம் தண்ணீர் நீலப் பச்சையாக மினுங்கும், நுண்ணுயிர்களின் வேலை. நிலா இருந்தால் ஒன்றும் தெரியாது.

நீல் இரண்டு இரவு. சின்னத் தீவு, வயல், தென்னை, காய்கறித் தோட்டம். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியமர்த்திய ஊர். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று பெயரெல்லாம் ராமாயணம். லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில் ஒரு இயற்கைக் கல்வளைவு இருக்கிறது, எல்லோரும் ஹவுரா பிரிட்ஜ் என்பார்கள். வளைவைப் பார்த்துப் போட்டோ எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது காலடியில் இருக்கிறது. கடைசியாகப் போனது ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் மாலை நாலரை மணிக்கு. கடல் முழுவதும் பின்வாங்கி, பாறைக் குழிகளில் மட்டும் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு குழியும் ஒரு தொட்டி. ஒன்றில் கை நீளத்துக்குக் கடல் அட்டை அசையாமல் கிடந்தது. அடுத்ததில் கல்லுக்கடியிலிருந்து மெல்லிய கால்களை நீட்டி நீட்டித் தடவிப் பார்க்கும் நொறுங்கு நட்சத்திரம், நட்சத்திர மீனுக்குச் சொந்தம். ஓரமாகப் பாறையில் பதிந்த பெரிய சிப்பி. அதன் உதடு நீலமும் ஊதாவுமாக நெளிந்திருந்தது, நிழல் விழுந்ததும் சட்டென்று மூடிக்கொண்டது. கூட வந்த வழிகாட்டிப் பையன் எதையும் கையால் தொடாமல் குச்சியை நீட்டிக் காட்டினான். அதுதான் சரி. குழந்தைகளுக்குப் பின்பட்டை உள்ள ரப்பர் செருப்போ பழைய ஷூவோ கட்டாயம். ஸ்டோன்ஃபிஷ் என்ற விஷமீன் கல்லோடு கல்லாகக் கிடக்கும். அம்மாவுக்கு இந்த இடம் வேண்டாம், பாறை வழுக்கும். அவரைப் பரத்பூர் கரையில் இளநீரோடு உட்காரவையுங்கள்.

சின்ன போட்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேருக்குப் பக்கத்திலேயே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தார்கள். பலர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். கொள்ளக்கூடியதைவிட மிக அதிகம் பேரை ஏற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. இருந்தாலும் உங்கள் பங்குக்குப் படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆள் கணக்கைப் பாருங்கள், தலைகளை எண்ணுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்வது போட்டோவுக்குத்தான் உதவும். கொக்கி மாட்டியிருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டைப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே போகும். பல படகுகளில் சின்ன அளவு இருக்காது. ஊரிலேயே அளவு பார்த்து ஒன்று வாங்கி வந்துவிடுங்கள். ஒன்பது நாளும் உதவும்.

அப்புறம் முதலை. உப்புநீர் முதலை இங்கே நிஜம். 2010இல் ராதாநகருக்குப் பக்கத்துக் குடாவிலேயே ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த ஒரு அமெரிக்கப் பெண்ணைக் கொன்றிருக்கிறது. பயந்து நடுங்க வேண்டியதில்லை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடம், ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்தி மரங்கள் உள்ள கரை, விடியற்காலை, அந்தி; இவற்றில் தண்ணீரில் இறங்காதீர்கள். அதைவிட நிச்சயமாக உங்களைக் கடிக்கப்போவது மணலில் இருக்கும் சாண்ட்ஃப்ளை. கண்ணுக்கே தெரியாது, ஒரு வாரம் சொறியவைக்கும். மணலில் நேரடியாகப் படுக்காதீர்கள். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது உள்ளூர் வழக்கம்.

போர்ட் பிளேரில் இருக்கும் நாட்களில் ஒன்றை வண்டூருக்கு வையுங்கள். அங்கே 1983இல் அறிவித்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, பதினைந்து தீவுகள். அவற்றில் ஜாலிபாய், ரெட்ஸ்கின் இரண்டுக்கும் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். ஏப்ரலில் வழக்கமாக ஜாலிபாய். திங்கட்கிழமை விடுமுறை. அலையாத்திக் காட்டு நடுவே போட் போகும், ஆட்டமே இருக்காது, அம்மாகூட ரசிப்பார். பிளாஸ்டிக் பையோ ஒருமுறை பாட்டிலோ உள்ளே போகாது. தண்ணீர் பாட்டிலைக் கணக்கெடுத்து முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பக் காட்டினால் தருவார்கள். நாட்டில் எத்தனையோ இடத்தில் பிளாஸ்டிக் தடைப் பலகை பார்த்திருக்கிறேன். நிஜமாகவே பையைத் திறந்து பார்ப்பது இங்கேதான். தீவில் ஜெட்டி கிடையாது, கண்ணாடி அடித்தளம் போட்ட சின்னப் படகுக்கு மாறித்தான் கரையேற வேண்டும். அந்தக் கண்ணாடி வழியாகவே பவளத்தைப் பார்க்கலாம். 1998, 2010, 2016 வெப்ப வருடங்களில் வெளிறிப் போனவை நிறைய. விளம்பரப் படத்தில் இருக்கும் வண்ணத்தை எதிர்பார்க்காதீர்கள். மீன்கள் ஏமாற்றாது.

கட்டணமே இல்லாத மாதிரியான ஒரு படகுச் சுற்றும் உண்டு, எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார். சாத்தம் ஜெட்டியிலிருந்து பேம்பூஃப்ளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் படகு. சில ரூபாய்தான். லாரி, பைக், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் கூடை எல்லாம் ஒரே தளத்தில். உங்கள் சின்னவன் வயதுக்கு லாரி படகில் ஏறுவதைவிடப் பெரிய காட்சி கிடையாது. சாத்தத்தில் 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலையையும் பார்த்துவிடலாம். எதிர்க்கரையில் ஏறினால் ஹேரியட் மலை, இப்போது மவுண்ட் மணிப்பூர் என்று பெயர். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கும் காட்சி அங்கிருந்து பார்ப்பதுதான். வீட்டில் ஒரு பழைய நோட்டு இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஏஜென்ட் பட்டியலில் இருக்கும் மற்றவை. பாராடாங்: சுண்ணாம்புக் குகைக்குப் போகும் அலையாத்தி ஓடை அழகுதான், ஆனால் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஜாரவா மக்களின் காட்டுக்குள் கான்வாயில் போக வேண்டும். வந்தவர்களில் பாதிப்பேர் குகையைப் பற்றிப் பேசுவதில்லை, ‘அவர்களைப் பார்த்தோமா’ என்றுதான் பேசுகிறார்கள். சில நூறு பேரே மிஞ்சியிருக்கும் ஒரு சமூகத்தை வண்டி ஜன்னல் வழியாகப் பார்க்கப் போவது எனக்கு ஒப்பவில்லை. குழந்தைக்கும் அம்மாவுக்கும் நெடும் பயணம் வேறு. விட்டுவிடுங்கள். திக்லிபூர்: ராஸ், ஸ்மித் என்ற இரட்டைத் தீவை இணைக்கும் மணல்திட்டு அற்புதம், ஆனால் சாலையில் ஒரு முழு நாள் தூரம். பாரன் தீவு (Barren) எரிமலை: 1991இல் மறுபடி விழித்தது, இறங்க அனுமதி இல்லை, வெகுதூரம் திறந்த கடல். உங்கள் அணிக்கு ஆகாது. போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் ராஸ் தீவு மட்டும் போங்கள் (திக்லிபூர் ராஸ் வேறு), அபர்தீன் ஜெட்டியிலிருந்து சில நிமிடம். ஆங்கிலேயர்களின் தலைமையிடமாக இருந்து, 1941 நிலநடுக்கத்துக்கும் அடுத்த வருட ஜப்பானியப் படையெடுப்புக்கும் பிறகு காலியான தீவு. நடனக்கூடச் சுவரையும் தேவாலயத்தையும் ஆலவேர் விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு மான்கள்.

ஆக வரிசை இப்படி: முதல் நாள் இறங்கி ஓய்வு, மாலை செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் ராஸ், சாத்தம். மூன்றாம் நாள் காலை ஹேவ்லாக். ஆறாம் நாள் நீல். எட்டாம் நாள் காலை போர்ட் பிளேர் திரும்பிவிடுங்கள். போட் ஒரு நாள் தாமதித்தாலும் தப்பிக்கலாம். வண்டூருக்கு இரண்டாம் நாளை வைத்துக்கொண்டு, ராஸ், சாத்தத்தை எட்டாம் நாளுக்குத் தள்ளிவிடலாம், கிழமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிப்பி, பவளத் துண்டு எதையும் கரையிலிருந்து பொறுக்காதீர்கள். சின்னவன் பாக்கெட்டை விமான நிலையம் போகும் முன்பே நீங்களே பார்த்துவிடுங்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமம்.

கடைசியாக அம்மா. கூட்டி வாருங்கள். தண்ணீர் பயம் உள்ளவர்களுக்குப் போட்டில் போகும் நேரத்தைவிட ஏறி இறங்கும் நேரம்தான் கஷ்டம். ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவே பலகை போடுவார்கள். வற்றத்தில் படகு கீழே போயிருக்கும், பலகை செங்குத்தாகிவிடும், ஜெட்டிப் படிகளில் பாசி. அவசரப்படுத்தும் கூட்டத்தோடு இறங்கவிடாதீர்கள். எல்லோரும் போனபின் இறங்கட்டும், போட் அப்படி உடனே கிளம்பிவிடாது. கையில் பை எதுவும் இருக்கக் கூடாது, புடவையைவிடச் சுடிதார் நல்லது. போட்டில் வேலை செய்யும் பையன்களிடம் முன்பே ‘முழங்கால் வலி’ என்று சொல்லிவிடுங்கள், ஹிந்தி வராவிட்டாலும் பரவாயில்லை, அவர்களில் தமிழ்ப் பையன்கள் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இறக்கிவிடுவார்கள். உள்ளே குளிர்சாதனம் உறைக்கும், ஒரு சால்வை வையுங்கள். கீழ்த்தளத்தில் நடு வரிசை, நடைபாதை ஓர இருக்கை அவருக்கு. ஜன்னல் ஓரம் உங்களுக்கு. திரும்பி வரும் கட்டத்தில் அவரே ஜன்னலைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.